நெய்யாற்றில் விழுந்த அடி

எங்கள் வீட்டில் யாரும் உல்லாசமாக எங்கும் போனதில்லை. பாறசாலையை விட்டு வெளியே போக ஒரு கல்யாணம் வேண்டும். இல்லையென்றால் ஒரு சாவு வேண்டும். அதனால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்பா திடீரென்று, நெய்யாற்றங்கரையில் வள்ளம் பிடித்து, ஆறு கடலில் சேரும் பூவார் பொழி வரை போய்க் கடல் பார்த்து வருவோம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் பக்கத்துத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் நடந்துகொண்டிருந்த காலம். என் சித்தப்பா கொடி பிடித்து முன்னால் போனவர். போலீஸ் தேட ஆரம்பித்ததிலிருந்து அவரை வீட்டுப் பக்கம் காணோம். அன்று வள்ளக்கடவில் போய்ப் பார்த்தால், மீசையை மழித்து, தலையில் கிழிந்த துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, வள்ளத்தின் பின்னால் மூங்கில் கழியோடு அவர் நிற்கிறார்! நான் வாயைத் திறக்குமுன் அம்மா தோளை அழுத்தினாள்.

"மக்கா, இது ஒரு விளையாட்டாக்கும். ஆரும் சித்தப்பான்னு விளிக்கப்பிடாது. விளிச்சா பொரிச்ச மீன் கெடையாது. மலையாளத்துலதான் பேசணும்."

மீனுக்காக நான் எதையும் செய்வேன். வள்ளம் புறப்படும் நேரத்தில் ஒரு போலீஸ்காரர், "ஞானும் பூவார் வரெ உண்டு" என்று ஏறி உட்கார்ந்தார். அப்பா சிரித்துக்கொண்டே இடம் கொடுத்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

வள்ளத்தின் முன்னால் இருந்த இன்னொரு வள்ளக்காரர் ஆற்றின் கதையை ஆரம்பித்தார். அகத்தியர் யாகம் செய்த நெய்தான் ஆறாக ஓடியதாம். அந்தக் காலத்து ராஜா ஒருவர் எதிரிகளுக்குப் பயந்து இந்தக் கரையில் ஒரு பிலாமரப் பொந்தில் ஒளிந்திருந்தாராம். தேடி வந்தவர்கள் மரத்தடியிலேயே நின்றும் கண்டுபிடிக்கவில்லையாம். போலீஸ்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மூக்கின்டெ தாழெ நின்னவனெ கண்டில்லல்லோ, மண்டன்மாரு!" அவர் முதுகுக்குப் பின்னால் சித்தப்பா கழி ஊன்றிக்கொண்டிருந்தார்.

பாதி வழியில் சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். எங்களுக்குக் கோர்ட்டும் சந்தையும் மலையாளம். மிஷன் சபைக்காரர்களான எங்களுக்கு ஜெபம் மட்டும் தமிழ். அப்பா அன்றைக்குத்தான் முதன்முதலாக மலையாளத்தில் ஜெபித்தார். நடுவில் வார்த்தை கிடைக்காமல் தட்டுத் தடுமாறி ஒருவழியாக முடித்தார்.

"ஆமென்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்கும் அதே குரல்.

சித்தப்பா கழியை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். பிறந்தது முதல் உள்ள பழக்கம், யாரைக் கேட்டு வரும்? வள்ளம் திரும்பி, தாழம்புதரில் போய் முட்டியது.

போலீஸ்காரர் மெதுவாக எழுந்து சித்தப்பாவை உற்றுப் பார்த்தார். "நீ ஏதாடா?"

அப்பா எழுந்தார். ஒரு எறும்பைக்கூட அடிக்காத அப்பா. கையை ஓங்கிச் சித்தப்பாவின் கன்னத்தில் ஒரு அறை விட்டார். அந்தச் சத்தத்தில் கரையிலிருந்த கொக்கு பறந்துபோனது. "பிள்ளேரெ முக்கிக் கொல்லுமோடா, கழுதே!" என்று மறுபடியும் ஓங்கி அறைந்தார். சித்தப்பாவின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "சித்...." என்று வாய் திறந்தேன். அம்மா ஒரு மீன்துண்டை முள்ளோடு என் வாயில் திணித்தாள்.

"போட்டே சாரே, பாவம் கூலிக்காரன்" என்று போலீஸ்காரர்தான் அப்பாவின் கையைப் பிடித்தார். சித்தப்பா தலைகுனிந்து கழியை எடுத்தார். எனக்கு மீனின் ருசி தெரியவில்லை.

பூவாரில் போலீஸ்காரர் இறங்கிப் போனார். நாங்கள் பொழிக்கரை மணலில் இறங்கினோம். அங்கே ஒரு பொழியூர் மீன்வள்ளம் காத்திருந்தது. அது திருநெல்வேலிக் கரைக்குப் போகிறது என்றும், அங்கே இந்த ராஜ்யத்துப் போலீஸ் தொடமுடியாது என்றும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. சித்தப்பா வீங்கிய கன்னத்தோடு சிரித்தார்.

"அந்த அடி இல்லேன்னா இப்பம் நான் ஸ்டேஷன்லயாக்கும், அண்ணா. வாறேன்."

அந்த வள்ளம் அலை தாண்டிப் போனதும் அப்பா மணலில் உட்கார்ந்து, அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அம்மா என்னை அவரிடம் போகச் சொன்னாள். நான் போகவில்லை. சித்தப்பாவை அடித்தாரல்லவா, நன்றாக அழட்டும் என்று தள்ளியே நின்றுகொண்டேன்.