பதில் வராத கேபிள்

கல்லூரிப் பணி ஓய்வுக்குப் பிறகு, வலங்கைமான் பக்கம் ஒரு அரிசி ஆலைக்காக நிரல் எழுதிக் கொடுத்தேன். நெல் காயவைக்கும் டிரையரில் உள்ள ஈரப்பதக் கருவியைக் கம்ப்யூட்டர் நொடிக்கொரு முறை கேட்கும். நெல்லில் எத்தனை சதவீதம் ஈரம் என்று கருவி ஒரு எண்ணைச் சொல்லும். அந்தக் கேள்வி பதிலுக்கான நிரல் தொகுப்பு முழுக்க என் கைவேலை.

திரையில் பதினான்கு வராமல் டிரையரை நிறுத்தக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. ஒரு நாள் எண் ஒன்பதுக்குப் போய்விட்டது. அவ்வளவு காய்ந்த நெல் அரவையில் பாதிக்கு மேல் நொய்யாகிவிட்டது.

"தூங்கிட்டியாய்யா?" என்றார் முதலாளி, டிரையரை ஓட்டும் ஆளிடம். அந்த டிரையர்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"இல்லீங்க முதலாளி. நெல்லக் கடிச்சுப் பாத்தேன், படக்குன்னு ஒடைஞ்சுது. சாரோட பொட்டி பதினேழுன்னே சொல்லிக்கிட்டு நின்னுச்சு. நம்பர் அசையவே இல்ல. அப்புறம் தடால்னு ஒம்பது."

முதலாளி என்னைப் பார்த்தார். "அப்படி நிற்காது. இவர் கவனித்திருக்க மாட்டார்" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன், சொன்னது சொன்னதுதான்.

"பொட்டி பொய் சொல்லுது, இவரு பல்லு மட்டும் உண்மை பேசுதாம்" என்று சிரித்தார் முதலாளி. மறுநாளே அவரை மூட்டை தூக்க அனுப்பிவிட்டார்.

மனசு கேட்காமல் கேபிளில் இன்னொரு லேப்டாப்பை இணைத்து, போய்வரும் செய்திகளை மூன்று நாள் பதிவு செய்தேன். பெரிய மோட்டார் ஓடும் நேரங்களில், அதன் மின் இடையூறால், கேள்வி போனது, பதில் வரவில்லை. திரையில் மட்டும் எண் நின்றது. நிரலைத் திறந்தேன். பதில் வராவிட்டால் பழைய எண்ணையே காட்டு என்று எழுதியிருந்தது நான்தான். முதல் சோதனையில் சிவப்பில் பிழைச் செய்தி வந்துகொண்டே இருந்தது. முதலாளி முகம் சுளித்தார். அதை மறைக்கச் செய்த வேலை.

திருத்தினேன். 'புதிய பதிப்பு' என்று மட்டும் சொல்லி நிறுவிவிட்டு வந்தேன். வாசலில் பழைய டிரையர்காரர் மூட்டையோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

தப்பு என் நிரலில்தான் என்று ஏழெட்டு மாதம் கழித்துதான் அவரிடம் போய்ச் சொன்னேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க சார்? நான் தூங்கலன்னு எனக்குத் தெரியும். அங்க போயி சொல்லுங்க."

அலுவலக அறைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்பதான் சரியா ஓடுதே சார். டிரையருக்கு வேற ஆள் போட்டாச்சு. அவரும் மூட்டைக்குப் பழகிட்டாரு, விடுங்க."

அவரை மறுபடி டிரையரில் போடுங்கள் என்று நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். முதலாளி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, வாசலில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.