மூத்தாரு கையெழுத்துப் போட்ட கடுதாசி

எங்க மூத்தாரு, அதான் எங்க வூட்டுக்காரரோட அண்ணன், கம்பெனி மோட்டார்ல ஏறிப் போன அன்னிக்கு ஆரம்பிச்சது எனக்கு வவுத்தெரிச்சல். திருக்கனூர்ச் சுத்துப்பட்டுல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடாத வூடு கிடையாது. கொல்லையில நாலு செடியப் புடுங்கிக் காயப் பாத்தே இத்தினி மூட்டை காணும்னு எங்க வூட்டுக்காரருந்தான் சொல்லுவாரு. ஆனா மல்லாட்டைய வாங்கிச் சீமைக்குக் கப்பல் ஏத்துற கம்பெனி அண்ணனத்தான் கூப்டுது.

சம்பள ஆளு இல்ல. செடி புடுங்கறதுக்கு முன்னால ஊரூராப் போயி வெள்ளாமை எப்படின்னு பாத்துத் தொரைகிட்ட மட்டும் சொல்லணும். பாத்தத பெண்டாட்டிகிட்டயும் சொல்லக் கூடாது, கூடப் பொறந்தவன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பத்திரம் எழுதற நொத்தேர் முன்னால கையெழுத்து. மூத்தாரு பெண்டாட்டி, என் ஓரகத்தி, அந்தக் கடுதாசியப் பொட்டியில வெச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருவிக்கினு நடந்தா. நடையே மாறிப் போச்சு அவளுக்கு.

எங்க பெரியவளுக்குத் தையில கல்யாணம். அதுக்கு எங்ககிட்ட இருந்தது அந்த வருசத்து மூட்டைங்கதான். அதனால வெக்கத்த வுட்டுக் கேட்டேன்.

"இன்னாக்கா, வெல ஏறுமா எறங்குமா?"

"எனக்கு இன்னாடி தெரியும்?"ன்னு மொறத்தத் தட்டிக்கினே சொன்னா.

அவுருக்குச் சோறு போடறவளுக்குத் தெரியாதாம். மூத்தாரு எதுர்ல நின்னு பேசற வழக்கம் எங்களுக்கு இல்ல. அதனால அவுரு வாசலையே பாத்துக்கினு இருந்தேன்.

சந்தை கூடின மொத நாளே அவுரு மூட்டை எல்லாத்தையும் கம்பெனிக்கு ஏத்திட்டாரு. ஒண்ணு வுடல. எனக்குப் புரிஞ்சு போச்சு. வெல எறங்கப் போவுது, தெரிஞ்ச மனுசன் முந்திக்கினாரு, தம்பிக்கு ஒரு வார்த்த சொல்லல. எங்க வூட்டுக்காரரு பொங்கல் வரைக்கும் வெச்சிருக்கலாம்னாரு. மூணு நாள் அவுர உண்டு இல்லைன்னு பண்ணிட்டேன். நாலாம் நாள் வண்டி கட்டினாரு.

மூட்டை ஏத்தி முடியச்சொல்ல மூத்தாரு வந்தாரு. நான் கதவுக்குப் பின்னால ஒதுங்கித் தலையக் குனிஞ்சிக்கினேன். அவுரு காலு மட்டும் தெரிஞ்சுது. வண்டிச் சக்கரத்துகிட்ட அந்தக் காலு ரொம்ப நேரம் நின்னுது. அப்புறம், "மாட்டுக்குத் தண்ணி காட்னியாடா?"ன்னு தம்பியக் கேட்டுட்டுப் போயிடுச்சு. வெல எறங்கறதுக்குள்ள நாங்களும் முந்திக்கினோம்னு அவுருக்குப் பொறாமை, நல்லா படட்டும்னு நெனச்சேன்.

ஒரு மாசத்துல வெல எங்கியோ ஏறிப் போயிடுச்சு. மழை இல்லாம மேக்க வெள்ளாமையே இல்லியாம். வித்த காசு பத்தாம பெரியவ கல்யாணம் தள்ளிப் போச்சு. மாப்ள வூட்ல மூஞ்சிய சுளிச்சாங்க. நான் நேரா ஓரகத்தி வூட்டுக்குப் போயி, "எங்களக் கவுக்கறதுக்குத்தானே உங்க மூட்டைய மொத நாளே ஏத்தினீங்க?"ன்னு கேட்டேன்.

அவ சண்டைக்கு வரல. "கப்பல் போயிடுச்சு, கெடு முடிஞ்சுது, இனிமே சொல்லலாம். எங்க மூட்டைய மொத நாளே, அன்னிக்கு வெலைக்கே போட்டுடணும்னு கடுதாசியில எழுதியிருக்குடி. இவுரு நிறுத்தி வெச்சா வெல ஏறப் போவுதுன்னு ஊரே புரிஞ்சிக்குமாம். உங்க வூட்ல அடுக்கியிருந்த மூட்டையப் பாத்துப் பாத்து நான் வவுறு எரிஞ்சேன். நீங்க எப்ப வேணா விக்கலாம், உங்களக் கேக்க ஆளு இல்லியேன்னு."

"அப்ப ஏறும்னு உனக்குத் தெரியும்."

"சத்தியமா என்கிட்ட சொல்லல. உங்க வண்டிகிட்ட நின்னுட்டு வந்தாரு பாரு, போட்ட சோத்துல கைய வெச்சிட்டு அப்படியே எழுந்துட்டாரு. வெல ஏறப் போவுதுன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அதுக்குள்ள உங்க வண்டி ஊரத் தாண்டிப் போச்சு."

திரும்பி வந்துட்டேன். எரிச்சல் மட்டும் அடங்கல. அந்தக் கடுதாசியில எழுதாத ஒண்ணு அந்த மனுசன் மூஞ்சியில இருந்திருக்கு, அதையும் அவதான் பாத்திருக்கா. நான் கதவுக்குப் பின்னால நின்னு காலப் பாத்துக்கினு இருந்தேன்.