அப்பாவின் சிவப்பு முகம்

தேனி நூலகத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் பிரான்சில் வரைந்த படங்கள். மரம் சிவப்பு, ஒரு பெண்ணின் மூக்கு பச்சை, நிழல் என்ற பேச்சே இல்லை. இதைச் செய்யக் கூடாதென்றுதானே பள்ளியில் என் காதைத் திருகினார்கள்!

ஓவியக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்காக அப்பாவை அந்த மாதிரியே வரைந்தேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிற்கிறார். முகம் முழுக்க ஒரே சிவப்பு, தலையில் மஞ்சள் துண்டு, சுற்றிலும் தடித்த நீலக் கோடு. கண், மூக்கு எதுவும் வைக்கவில்லை. தோள் சரிந்திருந்த விதத்திலேயே அப்பாதான் என்று தெரிந்தது.

அம்மா பார்த்ததும் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏத்தா, கூறு இருக்கா ஒனக்கு? ஒங்கப்பாவுக்கு நாளைக்குக் கண்ணு ஆபரேசன். இன்னைக்குப் போயி கண்ணில்லாம வரைஞ்சு வச்சிருக்க?"

அப்பாவுக்கு வலது கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணிலும் புரை. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குக் கண் பிழைத்தால் வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக அம்மா வேண்டியிருந்தாள்.

"கண்ணு வையி. இல்லேன்னா இது வாசலத் தாண்டாது."

ஆத்திரத்தோடு வைத்தேன், இமை, கருமணி எல்லாமாக. படம் கெட்டது. ஆனால் வைத்து முடித்ததும்தான் எனக்கும் மூச்சு வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கட்டுப் பிரிக்கும் அன்றே நான் நேர்முகத் தேர்வுக்குப் பஸ் ஏற வேண்டும். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் நின்றேன். டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டு விரல்களை நீட்டினார்.

"என்ன தெரியுது?"

அப்பா இடது கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"ஒண்ணும் பிடிபடல சார். எல்லாம் வெள்ளையாத்தேன் இருக்கு."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். முதலில் கண்ணில்லாமல் வரைந்தது நான்தானே என்று படத்தை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டேன்.

திடீரென்று அம்மா என் கக்கத்திலிருந்து படத்தைப் பிடுங்கி அப்பாவின் முன்னால் விரித்தாள்.

"இது தெரியுதா? நல்லாப் பாருங்க, இது தெரியுதா?"

அப்பா தலையைச் சாய்த்தார். மெல்ல முன்னால் குனிந்தார்.

"செவப்பா இருக்கு... மஞ்சத் துண்டு... அட, நாந்தேன்!" என்றார். இன்னும் கிட்டே வந்து முகத்தைச் சுளித்தார். "கண்ணு மட்டும் யாரு கண்ணும்மா இது?"

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. என் பையைத் துழாவி, சிவப்பு வண்ணப் புட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அழிச்சுரு ஆத்தா."