கழிவுக் கேனைக் கொஞ்சிய நாள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. திருநெல்வேலியில் நான் வேலை பார்க்கும் கால்நடை நோய் ஆய்வகத்தில், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது.

ஆட்டுக்கொல்லி நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு வேண்டிய எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, தயாரிப்பது என் வேலை. மூன்று மாதம் செல்களைப் பச்சைப்பிள்ளை போல வளர்த்து, அவை சுரந்த திரவத்தைச் சேர்த்திருந்தேன். பாக்கி சுத்திகரிப்புதான். பொடி மணிகள் நிரப்பிய குழாய் வழியே திரவத்தை விட்டால், எதிர்ப்பொருள் மணிகளில் ஒட்டிக்கொள்ளும்; மற்றதெல்லாம் கழிவுக் கேனுக்கு ஓடிவிடும். பிறகு மிச்ச அழுக்கைப் போக்கக் கழுவும் கரைசல்; அதுவும் கேனுக்குத்தான் போகும். கடைசியில் அமிலக் கரைசல் விட்டால் ஒட்டியது கழன்று வரும். அதைத் தனிக் குப்பியில் பிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே செய்வேன் என்று பீற்றிக்கொள்வேன். அன்று நிஜமாகவே மூடியிருந்தேன் போல.

குப்பியை அளந்தால் கருவி சைபர் காட்டியது. தட்டினேன். மறுபடியும் சைபர். "ஏலே, விளையாடாதலே" என்று கருவியிடம் கெஞ்சினேன். அப்புறம்தான் மேசையைப் பார்த்தேன். கழுவும் கரைசலின் மூடி திறக்கவே இல்லை. அமிலக் கரைசல் முக்கால்வாசி காலி. கழுவுவதற்கே அமிலத்தை விட்டிருக்கிறேன்! அத்தனை எதிர்ப்பொருளும் கழிவோடு போய்விட்டது. கேனையும் காணோம். அதை எடுத்துப்போய் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி அழிப்பது எங்கள் உதவியாளர் அக்காவின் வேலை.

மாமனார் ஊரான திசையன்விளைக்குப் போய் ஆடு மேய்க்கலாமா என்று யோசித்தேன். ஆடுகளுக்கே துரோகம் செய்தவனை எந்த ஆடு நம்பும்? ஒரு கையில் மட்டும் உறையோடு கழிவு அறைக்கு ஓடினேன்.

"அக்கா, கேனு எங்க?"

"அங்கன மூலையில நிக்கி. என்ன சார், நாய் வெரட்டுன மாரி வாரிய?"

"ப்ளீச்சிங் ஊத்திட்டியளா?"

"எப்படி ஊத்த? கழிவ அழிக்கச் சொல்லுத சீட்டுல உங்க கையெழுத்து இல்லியே. சொல்லிச் சொல்லி என் வாயிதான் வலிக்கி. மத்தவங்க கேனுன்னா ஊத்திருப்பேன். உங்க கேனாச்சே, உங்கள நம்பி கையெழுத்தில்லாம ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்."

நான் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அழுக்குத் தண்ணிய ஏன் சார் கொஞ்சுதிய?"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த வாளியே ஆடியது. கேனில் இருந்ததன் அமிலத்தை முறித்து, மறுபடியும் குழாய் வழியே விட்டேன். அக்கா பக்கத்தில் நின்று, நான் தொடும் ஒவ்வொரு பாட்டிலின் பெயரையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். ஒன்றாம் வகுப்புப் பையன் போலப் படித்தேன். சாயங்காலம் கருவி எண் காட்டியது. கொஞ்சம் சேதாரம், மிச்சம் பரிசோதனைக்குப் போதும்.

இருபது வருட அனுபவக்காரன் என்று அந்த ஆய்வகமே என்னை நம்பியது. நம்பாத ஒரே ஒருவர்தான் அன்று என்னைக் காப்பாற்றினார் என்பதை இன்றும் நன்றியோடும் லேசான வெட்கத்தோடும் நினைத்துக்கொள்கிறேன்.