மஞ்சள் சுவரும் ஒரு வெள்ளைத் தாளும்

போன மாதம் நான் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்து, பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு பெண் அழுதுவிட்டாள். அழகில் சொக்கிப் போய் அல்ல.

நான் கேமராவும் கையுமாகத் திரிகிறவன் என்பது இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். சாரம் பகுதியில் எங்கள் அடுத்த வீடு சவரிமுத்துவுடையது. மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு டூவீலர் மெக்கானிக். ஒரே மகள் ஸ்டெல்லா, பிரான்சில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான். நிரந்தரமாகும்வரை லீவு என்று வாயைத் திறக்க முடியாது.

அவள் விமானம் ஏறிய மறுவாரமே இவருக்கு மஞ்சள் காமாலை. ஒரு மாதம் கீழாநெல்லி, மோர், பத்தியம். பிறகு, சரியாகிவிட்டது என்று அவரே அறிவித்துக்கொண்டார்.

மகள் நம்பவில்லை. நம் வீடுகளின் வழக்கம் அவளுக்குத் தெரியாதா? பிள்ளை வெளிநாடு போய்விட்டால் இங்கே யாருக்கும் உடம்புக்கு எதுவும் வருவதே இல்லையே! வீடியோ காலிலும் பிரயோஜனம் இல்லை. சவரிமுத்து போனைப் பிடிக்கிற லட்சணத்தில் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். கடைசியில் அவள் சொல்லிவிட்டாள் – ஒரு நல்ல போட்டோ அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேலை போனாலும் பரவாயில்லை, டிக்கெட் போட்டுக் கிளம்பி வந்துவிடுவேன்.

சவரிமுத்து என்னிடம் வந்தார். ‘நல்ல போட்டோ’ என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரை வெள்ளைச் சட்டையில், பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் சுவர்கள் நிறைந்த பழைய நகரத்துக்குக் கூட்டிப் போனேன். எல்லோரும் மஞ்சள் சுவரில் சாய்ந்து நின்று எடுப்பார்கள். நான் அவ்வளவு சாதாரணமானவனா? சுவர் மேல் மாலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் நிழலில் அவரை நிறுத்தி, அந்தச் சுவரைப் பார்க்கச் சொன்னேன். வெயில் சுவரில் பட்டுத் திரும்பி மெத்தென்று முகத்தில் விழும். சுவரே ரிஃப்ளெக்டர். கண்ணுக்குக் கீழே குழி தெரியாது, கன்னத்தில் ஒடுக்கு தெரியாது. பத்து வயது குறைந்துவிட்டார்.

பெருமையோடு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அழுகைச் சத்தத்தோடு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அப்பாவின் கண்ணெல்லாம் மஞ்சளாம்.

நாங்கள் சிரித்தோம். மஞ்சள் சுவரில் பட்ட வெளிச்சம் மஞ்சளாகத்தானே இருக்கும்? இதை யோசிக்காமல் விட்டது என் மடத்தனம் என்று ஒப்புக்கொண்டு, ஒரு சின்ன லெக்சரே அனுப்பினேன். சட்டையைப் பாரும்மா, வெள்ளைச் சட்டையும் மஞ்சளாகத்தானே இருக்கிறது, எல்லாம் சுவர் செய்த வேலை என்று விளக்கினேன். அசைக்க முடியாத வாதம் என்று நினைத்தேன்.

அவள் அசைத்துவிட்டாள்.

“சட்ட மஞ்சளா தெரியறதால அப்பா கண்ணு மஞ்சளா இல்லன்னு ஆயிடாது, அங்கிள். காலைல வாசல்ல நிக்க வெச்சி எடுங்க. வெயில் மூஞ்சில படக்கூடாது, பக்கத்துல சுவரு கிவரு எதுவும் வேணாம், ஃப்ளாஷும் வேணாம். கன்னத்தோட ஒரு வெள்ளத் தாள புடிச்சிக்கச் சொல்லுங்க.”

முப்பது வருடமாகக் கேமரா பிடிக்கிறவனுக்கு ஒரு நர்ஸ் வெளிச்சம் சொல்லித் தருகிறாள்! முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தேன். போலீஸ் பிடித்துப் போட்டோ எடுப்பது மாதிரி சவரிமுத்து தாளும் கையுமாக நின்றார்.

கம்ப்யூட்டரில் போட்டு, தாளின் வெள்ளையை அளவாக வைத்து நிறத்தைச் சரி செய்தேன். தாள் வெள்ளை. சட்டை வெள்ளை. முகம் அவருடைய மாநிறம்.

கண் மட்டும் மஞ்சள்.

சவரிமுத்துவின் மனைவி லூர்துமேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தெனம் பாக்கற மூஞ்சி சார்... எங்க தெரியுது?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? பகலெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற மனிதரை அவர் பார்ப்பதே சாயங்காலம், ஹாலில் எரிகிற மஞ்சள் பல்பில்தான். நானோ கேமராவுக்குள் அத்தனை பெரிதாகப் பார்த்தவன். எனக்கும் தெரியவில்லையே. இந்த ஊரில் மஞ்சள் நம் கண்ணுக்குப் பழகிப் போய்விட்டது.

சவரிமுத்து திரையில் தன் கண்ணின் மேல் விரலை வைத்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

“சார், அந்த மஞ்சள மட்டும் கொஞ்சம் கொறச்சி அனுப்பிடுங்களேன். அவ கெளம்பி வந்துட்டா வேல போயிடும்.”

முடியும். இரண்டு நொடி வேலை. மௌஸை ஒரு இழுப்பு இழுத்தால் கண் பளிங்காகிவிடும். எத்தனையோ கல்யாண ஆல்பத்துக்கு அதைச் செய்து கொடுத்தவன்தான். கை மௌஸில்தான் இருந்தது. செய்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. உங்களிடம் மறைப்பானேன்?

ஆனால் அந்தப் பெண் என்னிடம் கேட்டது அழகான போட்டோ இல்லையே... எடுத்ததை எடுத்தபடியே அனுப்பினேன். கூடவே, அப்பாவை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஒரு வரி எழுதினேன். பைக்கின் பின் சீட்டில் ஏற்றி, சவரிமுத்துவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

பித்தக் குழாயில் கல். கீழாநெல்லி பாவம், கல்லை என்ன செய்யும்? டியூப் விட்டு எடுத்துவிட்டார்கள். இன்னும் விட்டிருந்தால் சீழ் பிடித்திருக்கும் என்றார் டாக்டர். நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஸ்டெல்லா? வரவில்லை. டிக்கெட் போடவும் இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போனில் கேட்டேன்.

“இல்லாதத இல்லன்னும் இருக்கறத இருக்குதுன்னும் காட்டற போட்டோ ஒண்ணு வந்துச்சில்ல, அங்கிள். இனிமே நீங்க அனுப்பறத நம்புவேன். அப்புறம் எதுக்கு வரணும்?”

ஆக, பொய் சொல்லிக் காப்பாற்றப் பார்த்த வேலையை உண்மை காப்பாற்றிக் கொடுத்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சவரிமுத்து வாசலில் வெள்ளைத் தாளோடு நிற்கிறார். நான் எடுக்கிறேன். வாரா வாரம் கண் வெளுத்துக்கொண்டே வருகிறது. என் வாழ்நாளில் இத்தனை மோசமான போட்டோக்களை நான் எடுத்ததில்லை. ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

மஞ்சள் சுவருக்கு எதிரே எடுத்த அந்த முதல் போட்டோ என்னாயிற்று என்கிறீர்களா? பெரிதாகப் பிரின்ட் போட்டு அவர் வீட்டு ஹாலில் மாட்டியாகிவிட்டது. உடம்பு விசாரிக்க வருகிற ஒவ்வொருவரும் அதைக் காட்டித்தான் சொல்கிறார்கள் – “இதுல எவ்ளோ தெம்பா இருந்தீங்க!”