நாலு குரல் பெட்டி

எனக்குப் பாட வராது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் வேதக்கோயில் பாடகர் குழுவை நடத்திய சிஸ்டர். ஆளைக் கழற்றிவிட்டால் அம்மா சண்டைக்கு வருவார் என்று பயந்தோ என்னவோ, "நீ வாயை மட்டும் அசை பிள்ளை, சத்தம் வேண்டாம்" என்று என்னைக் கடைசி வரிசையில் நிறுத்திவைத்தார். அந்த ஊமை உத்தியோகத்தில் ஒரு வசதி இருந்தது. மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கும் நேரத்தில் நான் சனத்தைப் பார்க்கலாம். அந்தப் பெருநாள் பூசையில் அப்பா செய்ததை முதலிலிருந்து கடைசிவரை பார்த்த ஆள் நான்தான். அதைப் பிழையாக விளங்கிக்கொண்ட ஆளும் நானேதான்.

அண்ணை அப்போது ஒரு சிந்தசைசர் செய்துகொண்டிருந்தார். கடையில் விற்கிற கீபோர்ட் இல்லை. உடைந்துபோன ஒரு ஓர்கனிலிருந்து கழற்றிய கட்டைகள், பழைய ரேடியோக்களின் வயிற்றிலிருந்து பிடுங்கிய சாமான்கள், போனில் பார்த்துக் கீறிய படங்கள், எல்லாவற்றையும் மூட அப்பாவின் பழைய மீன்பெட்டிப் பலகை. எங்கள் ஊர் குருநகரில் அதைவிட மலிவான மரம் கிடையாது. வாசம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

முதலில் அது ஒற்றைக் குரலில்தான் பாடியது. எத்தனை கட்டையை அமத்தினாலும் ஒரு சத்தம்தான் வரும்.

"எங்கடை வீட்டிலை ஒராள் வாயைத் திறந்தால் நாலுபேர் கத்தினம். உது நாலை அமத்தினாலும் ஒண்டுதான் கத்துது. உதுக்கு எங்கடை வளர்ப்புக் காணாது" என்றார் அப்பா.

கோயில் பாட்டுக்கு நாலு குரலும் ஒன்றாக வேண்டும். ஆகவே அண்ணை அதே வேலையை நாலு மின்சுற்றுப் பலகைகளில் நாலு தரம் ஈயம் உருக்கி ஒட்டிச் செய்து முடித்தார். பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. பெட்டியில் வெயில் பட்டால் சுருதி ஓடிவிடும். அதுவும் நாலு குரலும் சேர்ந்து ஓடினால் யாருக்கும் தெரியாது. அவை ஆளுக்கொரு பக்கம் ஓடும். "இதைச் சூடு காட்டாமல் வைச்சிருக்கவேணும் அம்மா" என்று சொல்லிச் சொல்லி, வீட்டின் குளிர்ந்த மூலைகளுக்கெல்லாம் அண்ணை அதைக் காவித் திரிந்தார். பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் அப்பா தலை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்.

அப்பாவுக்கு வேறு தலையிடி இருந்தது. பிரான்ஸிலிருந்த பெரியப்பா, அண்ணையைத் தன்னிடம் கூப்பிட எல்லா ஒழுங்கும் செய்துவிட்டார். தாய் தகப்பனைச் சின்னனிலேயே இழந்த அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவருக்கு மறுப்புச் சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. அண்ணைக்கோ போக மனமில்லை. வீட்டில் ஒவ்வொரு சாப்பாடும் இந்தக் கதையில்தான் முடிந்தது. ஒருநாள் அப்பா வலையைக் கீழே போட்டார்.

"பெருநாளுக்கு உதிலை ஒரு பாட்டு முழுசாய் வாசி. பிசகாமல் வாசிச்சால் நீ இஞ்சையே இரு, நான் பெரியப்பாவோடை கதைக்கிறன்."

"பிசகினால்?"

"பிசகினால் வாய் காட்டாமல் பிளேன் ஏறு."

"கடவுளுக்கு முன்னாலையோ பந்தயம் பிடிக்கிறியள்?" என்றார் அம்மா. நான் அந்த நிமிடமே அண்ணையின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அப்பா எதிரி.

பெருநாள் காலையில் பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய், திரையில்லாத ஒரு யன்னலுக்குச் சற்று முன்னால் வைத்தார்கள். அந்த நேரம் அங்கே நல்ல நிழல். பிரசங்கம் நீண்டது. ஆண்கள் பக்கத்தில் அப்பா தலை குனிந்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்த பாவங்களை நினைக்கிறார் என்று எனக்கு மெத்தச் சந்தோஷம். அவர் பார்த்த இடத்தில், யன்னலால் விழுந்த வெயில் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து பெட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

காணிக்கைப் பாட்டு வந்தது. சனம் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. அண்ணை கட்டைகளை அமத்த, நாலு குரலும் ஒன்றாக எழும்பிக் கோயிலை நிறைத்தன. பின்வரிசை ஆச்சிமார்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் முதல் சரணம் முடிவதற்குள் வெயில் பெட்டியின்மேல் ஏறிவிட்டது. மேற்குரல் மற்ற மூன்றையும் விட்டு விலகத் தொடங்கியது. அண்ணையின் காதுமடல் சிவந்தது.

அப்பா எழும்பினார்.

முழுக் கோயிலும் இருக்க, அவர் ஒருவர் மட்டும் நடுவால் நடந்து முன்னுக்கு வந்தார். பாட்டை நிற்பாட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைத் தொடவில்லை, அண்ணையைப் பார்க்கவுமில்லை. யன்னலுக்கு முதுகைக் கொடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய நிழல் பெட்டியை மூடியது. அண்ணை ஒரு குமிழை மயிரளவு திருப்பினார். விலகிய குரல் திரும்பி வந்து மற்ற மூன்றோடும் சேர்ந்துகொண்டது.

"அப்பா, போய் இருங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்று பாட்டுச் சொற்களுக்குப் பதிலாக வாயை அசைத்துக் காட்டினேன். அவர் கண் தரையிலேயே இருந்தது. சரணத்துக்குச் சரணம் அரை அடி நகர்ந்தார். கால் உளைகிறதாக்கும் என்று நினைத்தேன். அவருடைய வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. கடைசிச் சரணம் பிசகில்லாமல் முடிந்தபிறகுதான் போய் இருந்தார். அண்ணை கட்டைகளிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தார்.

மத்தியானம் வீட்டில் நான் துள்ளிக் குதித்தேன்.

"அப்பா தோத்திட்டார்! அப்பா தோத்திட்டார்!"

அம்மா அகப்பையை ஓங்கினார்.

"அவளை விடு. தோத்ததுதானே" என்றார் அப்பா.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெரியப்பாவின் போன் வந்தது. அப்பா இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டு, செத்தவீட்டில் கதைப்பதுபோல் கதைத்தார். "பெடியன் வரமாட்டானாம்... ஓம், ஓம்... நான் குடுத்த சொல்லு, அவன் வாசிச்சுப்போட்டான். இனி நான் என்ன செய்யிறது?" அப்படிச் சொல்லிக்கொண்டே, தன்னுடைய சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த பொரித்த விளைமீனின் நடுத்துண்டை வலக்கையால் எடுத்து அண்ணையின் சோற்றில் வைத்தார்.

அந்தத் துண்டை நான் காலையிலேயே கேட்டு வைத்திருந்தேன். தோற்ற கோபத்தை அப்பா என்மேல் தீர்க்கிறார் என்று நினைத்து, அன்று முழுவதும் அழுதேன்.