மலை உச்சி நோட்டில் கடைசி வரி

என் அக்கா டோர்ஹில்ட் சாந்தமானவள் என்று போன வாரம் அடக்க ஆராதனையில் போதகர் சொன்னார். எழுந்து கத்திவிடாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சாந்தமானவள் இல்லை. அவளுக்குக் கோபம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

எங்கள் ஊர் மலை உச்சியில் விளையாட்டுக் கழகம் வைத்த ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு நோட்டு. ஏறி வருகிறவர்கள் தேதியும் பெயரும் எழுதுவார்கள். இருபத்து மூன்று வருடம், ஞாயிறுதோறும், அவள் கணவன்தான் எழுதினான்: "ஓட்வாரும் டோர்ஹில்டும்." அவள் பக்கத்தில் நின்று காப்பி ஊற்றுவாள்.

அவன் இன்னொருத்தியோடு போய், விவாகரத்தும் ஆனபின் அவளுக்குத் தூக்கம் போயிற்று. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அது இறங்கும்வரை பஸ்ஸைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். "மூணு மாசம் பாப்போம். தினமும் மலை ஏறுங்க."

முதல் நாள், மூச்சிரைக்க, யோசிக்காமல் எழுதிவிட்டாள்: "ஓட்வாரும் டோர்ஹில்டும்." மறுநாள் அதன் கீழே அவன் கையெழுத்து: "நான் வரலையே!" பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். நோட்டை ஊரே படிக்கும். மளிகைக் கடையில் ஒருத்தி, "என்னம்மா, ஆவியோட மலை ஏறினியாமே?" என்று கேட்டாள்.

அதன்பின் மழையானாலும் காற்றானாலும் தினம் ஏறினாள். நானும் கூடப் போக ஆரம்பித்தேன்.

"மெதுவா போக்கா, நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு."

"வெடிக்கட்டும். நின்னா அந்தச் சிரிச்ச மூஞ்சி ஞாபகம் வருது."

அக்டோபரில் ஒருநாள். நோட்டில் ஒரே ஒரு வரிதான் மிச்சம். நாங்கள் பெட்டியைத் திறந்த நேரம் ஓட்வாரும் வந்து சேர்ந்தான். முந்திக்கொண்டு பேனாவை எடுத்தான்.

"ஒரு வரிதான் இருக்கு. பழையபடி சேர்த்தே எழுதிடறேனே?"

அக்கா பேனாவைப் பிடுங்கினாள். "என் பேரை எழுத எனக்குக் கை இருக்கு. நகரு."

வரி முழுக்கப் பெரிய எழுத்தில் அவள் பெயர் மட்டும்.

"அடிப்பாவி, நான் எங்க எழுதறது?"

"கீழ போயி புது நோட்டு வாங்கிட்டு வா. இன்னொரு தடவை ஏறு. உடம்புக்கு நல்லது."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. "கோபமும் இறங்கிடுச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல. அதைத் தூக்கிட்டு ஏற காலுக்கு பலம் வந்திருக்கு."

பஸ் சாவியைத் திரும்ப வாங்கினாள். ஒன்பது வருடம் ஓட்டினாள்.

இதையெல்லாம் போதகரிடம் சொல்லியிருந்தேன். அவர் ஆராதனையில் சொல்லாமல் விட்டுவிட்டார். சாந்தமானவள் என்றபோது ஓட்வார் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினான்.

அந்த நோட்டை விளையாட்டுக் கழகத்தில் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். கடைசி வரியில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.